முகப்பில் ஒரு பெயர், உள்ளே வேறொரு கை
பழைய இத்தாலிய அக்கார்டியனின் தயாரிப்பாளரையும் பெறுமதியையும் கண்டறிவது பற்றி

1. கேள்வி

மேற்கே கடலும் கிழக்கே முந்தல் களப்பும் நெருக்க, இடையில் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம் உடப்பு. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல்களும் ஆடி மாதத்துத் திரௌபதி அம்மன் விழாவும் தீமிதிப்பும் இவ்வூரை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்களுக்கு நன்கு அறிமுகப்படுத்தியுள்ளன. அந்த மரபுகளுக்குள் அக்கார்டியனுக்கு இடமில்லை. ஆனால் இதே புத்தளம் மாவட்டக் கரையோரத்துக்கு இத்தாலியுடன் இருக்கும் உறவு இலங்கையின் வேறெந்தப் பகுதிக்கும் இல்லாத அளவு நெருக்கமானது. இத்தாலியப் பெயர் பொறித்த பழைய அக்கார்டியன் ஒன்று இங்குள்ள வீடொன்றின் அலுமாரிக்கு மேலிருந்து இறங்கி வருவது நடக்கக்கூடியதுதான்.

அப்படி ஒன்று கைக்கு வரும்போது இரண்டு கேள்விகள் ஒன்றாகவே கேட்கப்படுகின்றன: இதைச் செய்தவர் யார்? இது எவ்வளவு பெறும்? முதலாவதற்கு விடை கிடைத்தால் இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிடும் என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. தயாரிப்பாளரின் பெயர் ஒரு வாத்தியம் எட்டக்கூடிய உச்சப் பெறுமதியை மட்டுமே சொல்லும். உப்புக்காற்று வீசும் கரையில் அந்த உச்சத்திலிருந்து அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைத் தீர்மானிப்பவை உள்ளே இருக்கும் உருக்கு நாக்குகள்.

2. வழக்கத்தில் உள்ள அளவுகோல்கள்

அக்கார்டியனை மதிப்பிடுவோர் பொதுவாக நான்கு அளவுகோல்களைக் கையாள்கின்றனர்: முகப்பில் உள்ள பெயர், வயது, இடக்கைப் பொத்தான்களின் எண்ணிக்கை, வெளித் தோற்றம்.

பொத்தான் கணக்கை விரைவில் தள்ளிவிடலாம். 120 பொத்தான் கொண்ட பெட்டி என்றால் இருபது நிரை, நிரைக்கு ஆறு பொத்தான். இத்தாலியின் ஸ்ட்ராடெல்லா நகரின் பெயரால் வழங்கும் இந்த அமைப்பில் 120 பொத்தான்களும் சேர்ந்து ஒலிப்பவை பன்னிரண்டு சுரங்களே. ஒரு பொத்தானை அழுத்தினால் உள்ளே கம்பிகளும் நெம்புகோல்களும் நகர்ந்து தேவையான சுரங்களைச் சேர்த்துத் திறக்கின்றன. ஆகவே 120 என்பது அளவையும் வசதியையும் குறிக்கும்; வேலைப்பாட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. மிகச் சாதாரணமான பெட்டிகளிலும் 120 பொத்தான் உண்டு.

தோற்றம் இன்னும் ஏமாற்றக்கூடியது. முத்துச்சிப்பி போல மினுங்கும் செலுலாய்டு உறையும் பதித்த கற்களும் 1930களின், 1940களின் விற்பனை ரசனையைக் காட்டுகின்றன. இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் மலிவான பெட்டிகளே அதிகம் அலங்கரிக்கப்பட்டன என்று சொல்லுமளவுக்குச் சான்று இல்லை. ஆயினும் கல் பதித்த முகப்புக்கும் நல்ல ரீட்டுக்கும், அதாவது ஒலி எழுப்பும் உருக்கு நாக்குக்கும், தொடர்பில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

வயதைப் பற்றிய நம்பிக்கை வயலினிலிருந்து கடன் வாங்கியது. முந்நூறு ஆண்டுப் பழைமையான வயலின் உயர்ந்த விலைக்குப் போகிறது என்பதால் அறுபது ஆண்டு அக்கார்டியனும் ஏறுமுகமாக இருக்கும் என்று கருதுகின்றனர். அக்கார்டியன் மரம், தோல், மெழுகு, உருக்கு, அட்டை, செலுலாய்டு ஆகியவற்றின் கூட்டு. இவற்றில் மரத்தைத் தவிர வேறெதுவும் காலத்தால் மேம்படுவதில்லை. மெழுகு வறண்டு வெடிக்கிறது, தோல் சுருள்கிறது, உருக்கு துருப்பிடிக்கிறது. பெயர் ஒன்றே கவனமாக ஆராயத்தக்க அளவுகோல்.

3. ஒரு நகரமும் அதன் பல பெயர்களும்

அக்கார்டியன் இத்தாலியில் பிறந்ததன்று. 1829இல் வியன்னாவில் சிரில் டெமியன் என்பவர் அப்பெயரில் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இத்தாலியத் தொழிலின் தோற்றக் கதை ஒரு தலத்தோடு தொடர்புடையது. லொரேட்டோ மாதா திருத்தலத்துக்கு வந்த ஆஸ்திரிய யாத்திரிகர் ஒருவர் 1863இல் காஸ்டெல்ஃபிடார்டோ அருகே சொப்ரானி குடும்பத்தின் பண்ணை வீட்டில் தங்கினார். அவரிடமிருந்த கருவியைப் பார்த்தே அந்த வீட்டு இளைஞர் பாவ்லோ சொப்ரானி தொழிலைத் தொடங்கினார் என்பது அக்கதை. யாத்திரிகர் கதையை வாய்மொழி மரபாகவே கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்குள் அங்கே பட்டறை இயங்கியதும், அதைப் பின்பற்றி நூற்றுக்கணக்கான வீடுகள் ரீட்டும் துருத்தியும் கட்டையும் செய்யும் நகரமாக அது மாறியதும் வரலாறு. வடக்கே ஸ்ட்ராடெல்லாவில் மரியானோ டல்லப்பே 1876இல் தனிப் பட்டறை நிறுவினார்.

அடையாளச் சிக்கலின் வேர் இந்தத் தொழில் ஒழுங்கில்தான் இருக்கிறது. காஸ்டெல்ஃபிடார்டோவில் ஒரு பெட்டி ஒரே கூரையின் கீழ் பிறப்பது அரிது. ரீட் செய்வோர் வேறு, துருத்தி மடிப்போர் வேறு, இயங்குபொறி செய்வோர் வேறு. தொழிற்சாலை இவற்றைச் சேர்த்து, சுருதி கூட்டி, பெயர் பொறித்தது. அந்தப் பெயரும் பலவேளை தொழிற்சாலையின் பெயரன்று. லண்டனிலோ நியூயார்க்கிலோ இருந்த இறக்குமதியாளர் எந்தப் பெயரைக் கேட்டாரோ அதுவே முகப்பில் ஏறியது. க்ருச்சானெல்லி போன்ற தொழிற்சாலைகள் இப்படிப் பல பெயர்களில் பெட்டிகளை அனுப்பின. ஆகவே முகப்பில் பொறித்த பெயர் எந்தப் பழைய பட்டியலிலும் அகப்படவில்லை என்றால், அது அபூர்வமான தயாரிப்பாளருக்குச் சான்று என்று துள்ள வேண்டியதில்லை. பெரும்பாலும் அது மறைந்துபோன ஒரு கடைக்காரரின் பெயராகவே இருக்கும்.

நன்கறிந்த பெயர்களிலும் தடுமாற்றம் உண்டு. ‘சொப்ரானி’ என்பது ஒருவர் பெயரன்று. பாவ்லோவும் அவர் தம்பி செட்டிமியோவும் தனித்தனி நிறுவனங்களை நடத்தினர். முன்பெயரைப் படிக்காமல் குடும்பப் பெயரை மட்டும் பார்த்து விலை சொல்வது அடிப்படைப் பிழை. 1946இல் செட்டிமியோ சொப்ரானி, ஸ்கண்டல்லி, ஃபிரொண்டலினி ஆகிய மூன்றும் இணைந்து ஃபார்ஃபிசா உருவானது. பழைய பெயர்கள் அதன்பிறகும் பெட்டிகளில் தொடர்ந்தன. எனவே ஸ்கண்டல்லி என்று பொறித்த பெட்டி, சில்வியோ ஸ்கண்டல்லியின் பழைய தொழிற்சாலையிலிருந்தும் வந்திருக்கலாம், கூட்டு நிறுவனத்திலிருந்தும் வந்திருக்கலாம். எக்செல்சியர் என்ற புகழ்பெற்ற பெயர் 1924இல் நியூயார்க்கில், அங்கே குடியேறிய இத்தாலியர்களால் தொடங்கப்பட்டது. காஸ்டெல்ஃபிடார்டோவிலும் அப்பெயரில் பெட்டிகள் செய்யப்பட்டன. எதிர்த்திசையில், மொரினோ, கோலா என்று இத்தாலியப் பெயர் தாங்கிய உயர்தரப் பெட்டிகள் ஜேர்மனியின் டிராசிங்கன் நகரில் ஹோனர் நிறுவனத்தில் உருவானவை. வெனான்சியோ மொரினோவும் ஜொவான்னி கோலாவும் அங்கு சென்று பணியாற்றிய இத்தாலியக் கலைஞர்கள்.

பெயர் இத்தாலியப் பெயர் என்பதால் பெட்டி இத்தாலியப் பெட்டி ஆகாது. பெட்டி இத்தாலியப் பெட்டி என்பதால் பெயர் செய்தவரின் பெயரும் ஆகாது. பின்புறத்தில் ஆங்கிலத்தில் ‘மேட் இன் இத்தாலி’ என்று பொறித்திருந்தால் நாடு உறுதியாகும். பிரித்தானியச் சந்தைக்கும் அமெரிக்கச் சந்தைக்கும் சென்ற பொருள்களில் நாட்டின் பெயரைப் பொறிக்கச் சட்டங்கள் வற்புறுத்தியதன் விளைவு அது. அதற்கு மேல் அந்த முத்திரையிலிருந்து எதையும் பெற முடியாது.

4. பெட்டியைத் திறந்தால்

மெய்யான சான்று உள்ளே இருக்கிறது. திறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. துருத்தியின் பட்டிகளை அவிழ்த்து, கட்டைப் பக்கத்தை மேலே பிடித்து, எந்தக் கட்டையையும் அழுத்தாமல் பொத்தான் பக்கத்தைத் தொங்கவிட வேண்டும். நல்ல பெட்டியில் அது தயங்கித் தயங்கி இறங்கும். சட்டென்று விழுந்தால் காற்று எங்கோ ஒழுகுகிறது. பிறகு ஒவ்வொரு கட்டையையும் இழுக்கும்போதும் தள்ளும்போதும் தனித்தனியே கேட்க வேண்டும். ஒரே சுரத்துக்கு இரு திசைக்கும் இரு வேறு நாக்குகள் என்பதால் ஒன்று நன்றாக ஒலித்து மற்றது ஊமையாக இருப்பது சாதாரணம்.

துருத்தியைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு ஆணிகளை நேராக உருவி எடுத்தால் பெட்டி இரண்டாகப் பிரியும். உள்ளே மரக்கட்டைகள் வரிசையாக நிற்கும். அவற்றின் இருபுறமும் விரல் நீள உலோகத் தகடுகள் மெழுகால் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு துளைகள்; ஒன்றின் மேல் முன்புறமும் மற்றதன் மேல் பின்புறமும் மெல்லிய உருக்கு நாக்கு தறையப்பட்டிருக்கும். நாக்கு இல்லாத பக்கத்தில் துளையை மூடி ஒரு தோல் துண்டு படுத்திருக்கும். 41 கட்டையும் நான்கு குரலும் (ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு தகடு) கொண்ட பெட்டியில் வலக்கைக்கு மட்டும் 164 தகடு, 328 நாக்கு. இடக்கையில் ஐந்து குரல் இருந்தால் இன்னும் 120 நாக்கு. ஆக 448. ஒரு அக்கார்டியனின் பெறுமதி என்பது இந்த 448 நாக்குகளின் பெறுமதிதான் என்று சொன்னால் அது மிகையாகாது.

தயாரிப்பாளரைப் பற்றிய தடயங்களும் இங்கேயே கிடைக்கும். மரக்கட்டைகளிலும் துருத்திச் சட்டத்தின் உட்புறத்திலும் பென்சிலால் எழுதிய எண்கள் இருக்கும். பட்டறையில் ஒரே பெட்டிக்குரிய உறுப்புகள் கலந்துவிடாதிருக்க எழுதியவை அவை. எல்லா உறுப்பிலும் ஒரே எண் இருந்தால் பெட்டி பிறந்தபடியே இருக்கிறது. எண்கள் மாறுபட்டால் இரண்டு பெட்டிகளின் உறுப்புகள் ஒன்றாகியிருக்கின்றன. சில வேளை சுருதி கூட்டியவரின் கையெழுத்தும் தேதியும் கிடைக்கும். ரீட் செய்தவரின் முத்திரை தகட்டில் இருக்கலாம். அது பெட்டி செய்தவரின் முத்திரை அன்று என்பதை மறக்கக் கூடாது. வெளியே உள்ள தொடரிலக்கத்தை மட்டும் வைத்து ஆண்டு கணிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பெரும்பாலான நிறுவனங்களின் இலக்கப் பதிவேடுகள் பொதுப் பார்வைக்குக் கிடைப்பதில்லை. 1981இல் காஸ்டெல்ஃபிடார்டோவில் திறக்கப்பட்ட அக்கார்டியன் அருங்காட்சியகத்தில் உள்ளவை போன்ற காலம் அறிந்த பெட்டிகளோடு படம் வைத்து ஒப்பிடுவது அதைவிடப் பயன் தரும். குரல் மாற்றும் விசைகளின் எண்ணிக்கை, அவற்றின் வடிவம், முகப்பு வலையின் வளைவு ஆகியவை பத்தாண்டுக் கணக்கில் காலத்தைக் குறுக்கித் தரும்.

அறிஞர்களும் வணிகர்களும் அதிகம் முரண்படுவது ரீட்டின் தரத்தில். கையால் செய்த ‘ஆ மானோ’ ரீட்டே உயர்ந்தது என்பது தொழிலின் பொதுக் கருத்து. நாக்கின் பக்க விளிம்பில் ஓடும் நீல நிறமும், அதைத் தறைந்த ஆணியின் அகன்ற தலையும் அதற்குரிய அடையாளங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் கைவேலைப் பாணி என்ற பொருளில் ‘திப்போ ஆ மானோ’ என்று ஒரு நடுத்தர வகையும் உண்டு. அது இயந்திரத்தில் வெட்டப்பட்டாலும் அதே தோற்றத்தைத் தரும். ஆகவே நீல விளிம்பு தனித்து நின்று எதையும் நிரூபிக்காது. மிக மெல்லிய காற்றுக்கே நாக்கு பேசத் தொடங்குகிறதா, அழுத்தம் கூடும்போது சுருதி தாழாமல் நிற்கிறதா என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே கண்ணைவிடக் காதே நம்பகமான சாட்சி.

இன்னொரு உறுப்பையும் தேட வேண்டும். சில உயர்தரப் பெட்டிகளில் இரண்டு குரல்களின் ரீட்கள் கட்டைக்கு நேரே கீழே இல்லாமல் ஒரு மர அறைக்குள் திரும்பி நிற்கும். கசோட்டோ எனப்படும் இவ்வறை ஒலியின் கூர்மையை மழுக்கி உருண்டையாக்குகிறது. ஸ்கண்டல்லியின் ‘சூப்பர் சிக்ஸ்’ போன்ற பெட்டிகளின் புகழ் இந்த அறையையும் கைவேலை ரீட்டையும் சார்ந்தது. கசோட்டோ உள்ள நல்ல பெட்டி ஐரோப்பியச் சந்தையில் ஆயிரக்கணக்கான யூரோவுக்குப் போகிறது. அதே காலத்து, அதே நகரத்து, அதே 120 பொத்தான் கொண்ட சாதாரணப் பெட்டிக்குச் சில நூறு யூரோவே கிடைக்கிறது.

5. எந்த வழியாக வந்தது?

பழைய பெட்டி என்றால் பழைய வரவு என்று கொள்வது இன்னொரு வழுக்கல். இலங்கைக்கு இத்தாலியப் பெட்டிகள் வரக்கூடிய காலங்களை நாட்டின் வணிக வரலாறே வரையறுக்கிறது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானிய ஆட்சியிலிருந்த இலங்கைக்கு அங்கிருந்து நேரடி வரவு நின்றிருக்கும். போருக்குப் பின் 1950களே இத்தாலிய ஏற்றுமதியின் பொற்காலம். 1960களின் தொடக்கத்திலேயே இலங்கையில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1970 முதல் 1977 வரை அவை உச்சத்தில் இருந்தன. ஆகவே பொற்காலப் பெட்டி ஒன்று புதிதாகவே கடை வழியாக இங்கு வந்திருந்தால், அதற்கான சாளரம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே.

அக்காலத்துச் செவிகள் அக்கார்டியனுக்குப் பழகியவை. வானொலி வழியாகத் தமிழ், ஹிந்தித் திரைப் பாடல்கள் வீடுவீடாகச் சென்றன. எம். எஸ். விஸ்வநாதனின் இசையில் மங்களமூர்த்தியின் அக்கார்டியன் தனி முத்திரை பதித்தது. 1964இல் வந்த ‘சங்கம்’ ஹிந்திப் படத்தில் ராஜ் கபூர் கையில் அக்கார்டியனுடன் பாடித் தோன்றினார். ஒரு மெல்லிசைக் குழுவுக்கு அக்கார்டியன் வேண்டும் என்ற ஆசைக்குக் காரணம் இருந்தது. கட்டுப்பாட்டுக் காலத்துக்குப் பின் அந்த ஆசையைச் சீனாவின் ‘ஹீரோ’, ‘பேரட்’ போன்ற பெட்டிகளும் நிறைவு செய்தன. இத்தாலியப் பெயர் ஒட்டப்பட்ட பெட்டியைச் சோதிக்கும்போது இவற்றையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

கடை வழி தவிர இன்னொரு வழி இந்த மாவட்டத்துக்கே உரியது. வென்னப்புவ, மாரவில, சிலாபம் என நீளும் கரையோரத்திலிருந்து 1970களின் பிற்பகுதி தொட்டு இத்தாலிக்குத் தொழில் தேடிச் சென்றோர் ஏராளம். இன்று இத்தாலியில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் வாழ்கின்றனர்; வென்னப்புவவைக் குட்டி இத்தாலி என்றே அழைக்கின்றனர். சென்றோரில் பெரும்பாலோர் சிங்களக் கத்தோலிக்கர். உடப்பின் தமிழ் இந்துக் குடும்பங்கள் அந்த அலையின் மையத்தில் இல்லை. ஆனால் பொருள்கள் சாதி மதம் பார்த்துக் கைமாறுவதில்லை. இத்தாலியின் பழம்பொருள் சந்தையில் வாங்கி 1990களில் கொண்டுவந்த பெட்டி, சிலாபத்தில் விற்கப்பட்டு வடக்கே சில மைல் நகர்வது எளிது. அத்தகைய பெட்டி 1955இல் செய்யப்பட்டிருந்தாலும், இக்கரையின் காற்றை முப்பது ஆண்டே கண்டிருக்கும். கொழும்பில் 1955இலேயே இறங்கிய பெட்டியோ எழுபது ஆண்டு கண்டிருக்கும். இவ்விரண்டின் ரீட்களும் ஒன்றாக இரா. வந்த வழியை விசாரிப்பது குடும்பக் கதைக்காக மட்டும் செய்யும் காரியமன்று. அது மதிப்பீட்டின் ஒரு பகுதி.

6. கச்சான் காற்றும் உருக்கு நாக்கும்

கச்சான் வீசும் மாதங்களில் மேற்குக் கரையில் உப்பு காற்றோடு வீட்டுக்குள் வருகிறது. அக்கார்டியன் காற்றை உறிஞ்சியும் தள்ளியும் ஒலிக்கும் கருவி. ஒவ்வொரு இழுப்பிலும் அந்த உப்பு நாக்குகளின் மேல் படிகிறது. துரு நாக்கின் எடையையும் தடிப்பையும் மாற்றுவதால் சுருதி விலகுகிறது. நுனியில் உலோகம் குறைந்தால் சுருதி ஏறும். தறைந்த அடிப்பக்கத்தில் குறைந்தால் இறங்கும். ஆகவே துருவை எங்கே, எவ்வளவு சுரண்டுவது என்பது நுட்பமான கணக்கு. துரு குழி பறித்துவிட்டால் நாக்கு அந்த இடத்தில் ஒருநாள் முறியும். போதாக்குறைக்கு, பழுதடையும் செலுலாய்டு வெளிவிடும் அமில ஆவி மூடிய உறைக்குள் உலோகத்தை அரிக்கிறது. வாசிக்கப்படாமல் பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்ட பெட்டியே அதிகம் கெட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊர்களில் இத்தகைய பெட்டி முதலில் போகுமிடம் ஹார்மோனியம் திருத்துபவரின் கை. நாடகத்துக்கும் கூத்துக்கும் பஜனைக்கும் ஹார்மோனியம் பழகிய சமூகத்தில் இது இயல்பு. இரண்டும் ஒரே ரீட் குடும்பத்துக் கருவிகள். ஆனால் ஹார்மோனிய நாக்கு பித்தளை. பச்சை பூக்குமேயன்றி உருக்கைப் போலத் துருப்பிடிக்காது. அதில் காற்று ஒரு திசையிலேயே செல்லும். தோல் தடுக்கு கிடையாது. அக்கார்டியனில் தகடுகளைக் கழற்ற மெழுகை வெட்ட வேண்டும். திரும்பப் பதிக்கத் தேன்மெழுகும் குங்கிலியமும் சரியான அளவில் கலந்திருக்க வேண்டும். வெறும் மெழுகு நம் வெப்பத்தில் இளகும். சுருதியிலும் ஒரு பொறி உண்டு. ஒரே திசையில் சேர்ந்தொலிக்கும், ஒரே சுரத்துக்குரிய இரு குரல்களின் நாக்குகளை இத்தாலியர் வேண்டுமென்றே இம்மி அளவு விலக்கி வைப்பர்; அந்த அலைவே பெட்டிக்கு அழகு. சுத்தச் சுருதிக்குப் பழகிய கை அதைப் பிழை என்று எண்ணி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் பெட்டியின் குரல் போய்விடும். அதை மீட்க உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

இவற்றைக் கொண்டு ஒரு மதிப்பீட்டு வரிசையை முன்வைக்கலாம். நாக்குகள் நீலமும் பளபளப்பும் மாறாமல் இருந்து, மெழுகும் தோலும் மட்டும் கெட்டிருந்தால், பெயர் எதுவானாலும் அது திருத்தத்தக்க பெட்டி. துரு மேலாகப் படிந்திருந்தால், கசோட்டோவும் கைவேலை ரீட்டும் உள்ள பெட்டிக்கே முழுத் திருத்தச் செலவு நியாயமாகும். 448 நாக்குகளையும் கழற்றித் துடைத்து, தோல் மாற்றி, மெழுகிட்டுச் சுருதி கூட்டும் உழைப்பு ஒரு சாதாரணப் பெட்டியின் விலையைத் தாண்டிவிடும். துரு குழி பறித்திருந்தால், முகப்பில் எவ்வளவு புகழ்பெற்ற பெயர் இருந்தாலும் அது உதிரிப் பாகத்துக்கே உதவும். ஐரோப்பிய விலைப்பட்டியலைப் பார்த்து இங்கே விலை கேட்பவர் மறப்பது இதைத்தான்: அந்த விலை, பக்கத்துத் தெருவில் திருத்துபவர் உள்ள ஊரின் விலை.

வீட்டில் இத்தகைய பெட்டி வைத்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். அதை விற்கும் முன்போ திருத்தக் கொடுக்கும் முன்போ, பெட்டியைத் திறக்கும்போது அருகிலிருந்து, மரக்கட்டைகளிலும் சட்டத்திலும் உள்ள பென்சில் எழுத்துகளைப் படம் பிடித்து வையுங்கள். திருத்துபவர் அவற்றை மணற்தாளால் தேய்த்துவிட அனுமதிக்காதீர்கள். பெட்டியை யார், எப்போது, எங்கே வாங்கினார் என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி, அந்தத் தாளையும் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.